முன் ஆக்சிலை வீட்டிலேயே மாற்றலாமா?



மலைப்பகுதியில் வாழும் தாய் ஒருவரின் மடல் இம்மாதம் நம் கைக்கு வந்துள்ளது. அவர்கள் குடும்பத்தில் இருப்பது நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் செல்லும் வண்டி. வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் முன்பக்கத்தில் ‘கடக், கடக்’ என்று ஓசை எழுகிறதாம். “முன் ஆக்சிலையே மாற்றவேண்டும்” என்று பட்டறையில் கூறிவிட்டார்கள். தொழிற்கல்வி பயிலும் மகனோ, கைப்பேசியில் படம் பார்த்தே வீட்டு முற்றத்தில் தானே மாற்றிவிடுவதாகச் சொல்கிறான். “அனுமதிப்பதா, தடுப்பதா?” என்பதே அன்னையின் வினா.

அனுமதிக்கலாம், சகோதரி. ஆயினும் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றுள் ஒன்று உயிரைப் பற்றியது.

முன்சக்கரத்தின் நிலைமை விந்தையானது. அது பள்ளத்திலும் மேட்டிலும் ஏறியிறங்க வேண்டும்; இடமும் வலமும் திரும்பவும் வேண்டும்; அதே வேளையில் எஞ்சினின் ஆற்றலை ஏற்றுச் சுழலவும் வேண்டும். பழைய யூனிவர்சல் ஜாயிண்டு இதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. அது 30 பாகை வளைந்திருக்கையில், ஒரு முனை நிமிடத்துக்கு 100 சுற்று என்று ஒரே சீராகச் சுழன்றாலும், மறுமுனையின் வேகம் 87-க்கும் 115-க்கும் இடையே, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். 1920-களின் இறுதியில் ஆல்பிரெட் ஷெப்பா என்னும் பொறியியலார் ஆறு எஃகுக் குண்டுகளைக் கொண்டு இக்குறையைத் தீர்க்கும் இணைப்பு ஒன்றை அமைத்தார். இரு தண்டுகளுக்கும் இடையேயுள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே குண்டுகள் எப்போதும் நிற்பதால், வேகம் மாறுவதில்லை. 1959-இல் வெளிவந்த மினி காருக்குப் பின் இவ்வமைப்பு உலகெங்கும் பரவியது. இதனையே சி.வி. ஜாயிண்டு என்கிறோம்.

இக்குண்டுகளுக்குக் காவல், மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. பட்டறைகளில் ‘பூட்’ என்பார்கள். ஆக்சிலின் நோய் பெரும்பாலும் இதன் கிழிசலிலேயே தொடங்குகிறது. கிழிசல் வழியே கிரீஸ் வெளியே தெறிக்கும்; மழைநீரும் மணலும் உள்ளே புகும்; எஞ்சிய கிரீசோடு அம்மணல் கலந்து குண்டுகளை உப்புத்தாளைப்போல் தேய்த்துவிடும். ‘கடக், கடக்’ என்பது அத்தேய்மானத்தின் ஓசை. “நாங்கள் நான்கு சக்கர இயக்கத்தைப் போடுவதே இல்லையே, முன் ஆக்சில் எப்படித் தேயும்?” என்று கேட்போர் உண்டு. முன் ஹப்பில் பூட்டித் திறக்கும் அமைப்பு இல்லாத வண்டிகளில், லீவர் எந்நிலையில் இருந்தாலும், சக்கரம் சுழலும்போது அத்தண்டும் சுழன்றுகொண்டுதான் இருக்கும்.

ஆகவே ஆக்சில் வாங்கப் பணம் எடுக்குமுன், சக்கரத்துக்குப் பின்னே எட்டிப் பாருங்கள். பூட் கிழிந்தும் ஓசை எழவில்லையெனில், இணைப்பைக் கழுவி, புதிய கிரீசும் புதிய பூட்டும் இட்டாலே பெரும்பாலும் போதும். ஓசை வந்துவிட்டபின் பூட் மட்டும் மாற்றுவது வீண். வண்டி புறப்படும்போது மட்டும் ‘தொம்’ என்று அடித்தால் உட்பக்க இணைப்பை ஐயுறலாம். இடைவிடாத முரலொலி கேட்டால் அது பேரிங்காக இருக்கலாம்; அதற்கு ஆக்சில் மாற்றிப் பயனில்லை. முழு ஆக்சிலையும் மாற்றச் சொல்லும் பட்டறைக்காரரைக் குறைகூறுவதற்கும் இல்லை. பூட்டை மாற்றவும் ஏறத்தாழ அதே அளவு கழற்றவேண்டியிருக்கிறது.

இனி உயிரைப் பற்றிய நிபந்தனை. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கே உரியது. தாங்கி நிறுத்துவதற்கு அன்று. ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே ஒரு சிறு வளையம் தளர்ந்தால், இரண்டாயிரம் கிலோ எடையுள்ள வண்டி நொடியில் இறங்கிவிடும். எனவே சமமான கெட்டித் தரையில், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, தகுந்த இரும்பு ஸ்டாண்டுகளைச் சேசிஸின் கீழ் நிறுத்தவேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கூடவே கூடா. அவை முன்னறிவிப்பின்றி உடைபவை. கழற்றிய சக்கரத்தைச் சேசிஸின் கீழ் படுக்க வைப்பது இரண்டாவது காவல். ஆடவர் யாரேனும் உடனிருக்கட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடவரோ பெண்டிரோ, கூப்பிடு தொலைவில் ஒருவர் இருந்தால் போதும். நீங்களே இருங்கள். முற்றம் மண்தரையாகவோ சரிவாகவோ இருந்தால், தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது, வண்டியின் வகையை அறிவது. பழைய ஜீப்புகளில் இருபுறச் சக்கரங்களையும் இணைத்து ஒரே திரண்ட அச்சுக்குழல் ஓடும். நாம் இங்கே கூறும் முறை அவற்றுக்குப் பொருந்தாது. தனித்தனியே ஏறியிறங்கும் சக்கரங்கள் உடைய வண்டிகளிலும் இருவகை உண்டு. ஒருவகையில் ஆக்சில் முனையின் பெரிய நட்டே ஹப்பையும் பேரிங்கையும் இறுக்கிப் பிடிக்கிறது. பூட்டித் திறக்கும் ஹப் உடைய பல வண்டிகளில், உள்ளே காணும் நட்டு பேரிங்கின் இறுக்கத்தை நுட்பமாகச் சரிசெய்வதற்கானது. அதைப் பலங்கொண்டமட்டும் முறுக்கினால் பேரிங் எரிந்துபோகும். கைப்பேசியில் பார்க்கும் படம் வேறு வண்டியின் படமாக இருந்துவிட்டால் இங்கேதான் விபரீதம். அவ்வண்டிக்கே உரிய பழுதுபார்ப்பு நூலைப் பையன் கையில் வைத்திருக்கிறானா என்று கேளுங்கள்.

முதல் வகையாயின், சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, பெரிய நட்டைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கி நிறுத்தியபின் அதனோடு மல்லுக்கட்டுவது வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுக, ஹோஸில் தொங்கவிடற்க. பால் ஜாயிண்டைப் பிரிக்குமுன், ஸ்பிரிங்கின் அல்லது டார்ஷன் பாரின் விசையைத் தாங்கும் ஆர்மை ஜாக்கியால் அடக்குக. இன்றேல் அது துள்ளி அடிக்கும். தண்டைச் சுத்தியலால் நேரே அடித்தால் மரை நசுங்கும். பழைய நட்டை முனையில் மாட்டி, அதன்மேல் மென்மையாகத் தட்டலாம். உள்முனையைத் தண்டைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் உடலில் லீவர் கொடுத்து நெம்புக. ஆயில் வழியும், கீழே தட்டு வைத்திருங்கள். புதிய ஆக்சிலைப் பழையதன் அருகே கிடத்தி, நீளத்தையும் பற்களின் எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகே மாட்டவேண்டும். பழைய ஆயில் சீலை அப்படியே விட்டுவைப்பது வீண் சிக்கனம்.

இறுதியாகப் பெரிய நட்டு. பழையதைத் திரும்பப் போடலாகாத வண்டிகளே பல. நூலில் 250 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால், அது ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் நுனியில் ஏறத்தாழ 25 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற விசை. கை மதிப்பீட்டால் இதை அறிய முடியாது. டார்க் ரெஞ்சு இல்லாவிடில் ஒருநாளைக்கு இரவல் வாங்குங்கள். இவ்வகை வண்டியில் நட்டு இறுகாத நிலையில், முற்றத்தில் ஓர் அடிகூட வண்டியை உருட்டக் கூடாது. பேரிங் அங்கேயே கெட்டுவிடும்.

மாட்டி முடித்தபின் டிபரன்ஷியலில் ஆயில் அளவைச் சரிபார்த்து, ஆளில்லாத வெளியில் மெதுவாக, இருபக்கமும் முழுவதும் வளைத்து ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலையில் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை உண்டா என்றும் நோக்குங்கள். சக்கர நட்டுகளை ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவேண்டும்.