பின் இருக்கையில் உறங்கும் பிள்ளை



லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு தாயும் தகப்பனும் தங்கள் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். பஸ்கா பண்டிகை முடிந்து, எருசலேமிலிருந்து ஒருநாள் பயணத்தூரம் வந்த பின்புதான், பன்னிரண்டு வயது மகன் கூட வரவில்லை என்பது தெரிகிறது. உறவினர் கூட்டத்தில் எங்காவது வந்துகொண்டிருப்பான் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது நாம் தேவாலயத்தில் அமர்ந்திருந்த சிறுவனின் ஞானத்துக்கே விரைந்துவிடுகிறோம். பெற்றோரின் அந்த நினைப்பருகே நிற்பதில்லை. மரியாளை அன்பில்லாத தாய் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. வேதமும் அப்படிச் சொல்லவில்லை. நடந்ததை மறைக்கவும் இல்லை.

காருக்குள் குழந்தையை மறந்து இறங்கிவிடாதபடி எச்சரிக்கும் கருவிகளைப் பற்றிச் சென்ற வாரம் குடும்பக் கூடுகையில் பேச்சு வந்தது. மூத்த தாயார் ஒருவர், "பெற்ற பிள்ளையை மறக்கிறவளுக்குக் கருவி எதற்கு ஐயா? மனம் அல்லவா வேண்டும்?" என்றார். பலரும் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்புக்கே இந்த வாரம் மறுமொழி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய ஒருவரின் கைக்குழந்தை காரில் மறக்கப்பட்டு இறந்தது. உடன் வேலை செய்த பொறியாளர்கள் அந்தத் துயரத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 2002-இல் அவர்கள் ஒரு கருவியை உருவாக்கி அறிவித்தார்கள். குழந்தை இருக்கையில் எடையை உணரும் ஒரு விசை. ஓட்டுநரின் சாவிக்கொத்தில் ஒரு சிறிய ஒலிப்பான். இரண்டுக்கும் இடையே வானொலி அலை வழியாகத் தொடர்பு. குழந்தை இருக்கையில் இருக்கும்போதே சாவி வண்டியைவிட்டு விலகிச் சென்றால் ஒலிப்பான் எச்சரிக்கும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் விடாமல் ஒலிக்கும். குழந்தையிடம் திரும்பி வந்தாலொழிய அதை நிறுத்த முடியாது. எளிய கருவிதான். ஆயினும் அது கடைக்கு வரவில்லை. கருவி பழுதாகி ஒரு குழந்தை இறந்தால் வழக்கு வருமே என்று தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள். வாங்க வேண்டிய பெற்றோரோ, இது தங்களுக்கு நேராது என்று நம்பினார்கள். வாஷிங்டன் போஸ்ட் இதழில் ஜீன் வைன்கார்ட்டன் 2009-இல் எழுதிய நெடுங்கட்டுரையில் இந்த வரலாறு வருகிறது. அக்கட்டுரைக்கு மறு ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. விமானங்களைச் சோதிக்கும் அறிவு படைத்தவர்களாலும் 'நான் மறக்கமாட்டேன்' என்ற நம்பிக்கையைத் தாண்ட முடியவில்லை.

மறதி அன்பின் குறைவிலிருந்து வருவதன்று. தென் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் நினைவாற்றலை ஆராயும் டேவிட் டயமண்ட் இதை நெடுநாளாக விளக்கிவருகிறார். அன்றாடம் செய்யும் வேலைகளை மூளையின் ஒரு பகுதி நம் கவனமின்றியே நடத்திவிடுகிறது. இன்று புதிதாகச் செய்யவேண்டியதை நினைவில் வைத்திருப்பது வேறொரு பகுதி. தூக்கமின்மையும் மனஅழுத்தமும் சேர்ந்தால் பழக்கம் வென்றுவிடுகிறது. மருந்து வாங்கிவர வேண்டும் என்று புறப்பட்டு, கடையைக் கடந்து நேரே வீட்டுக்கு வந்து நின்ற அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை?

இப்போது ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். லாஸ்பேட்டையில் உள்ள காப்பகத்தில் குழந்தையை நாள்தோறும் தாய் விடுகிறாள். இன்று அவளுக்கு உடல்நலமில்லை. தகப்பன் அழைத்துச் செல்கிறான். குழந்தை பின் இருக்கையில் உறங்கிவிடுகிறது. பாதி வழியில் அலுவலகத்திலிருந்து கைப்பேசி அழைப்பு வருகிறது. வண்டி தானாகவே நாள்தோறும் போகும் பாதையில் சேதராப்பட்டுக்குப் போய் நிற்கிறது. குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிட்டோம் என்றே அவன் மனம் நம்புகிறது. நம்புகிறவன் எதைத் தேடுவான்?

வெயில் நமக்கு அவகாசம் தருவதில்லை. மூடிய காரின் உட்புற வெப்பம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 22 டிகிரி செல்சியஸ் கூடுகிறது என்றும், அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது என்றும் 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கண்ணாடியைச் சற்றே இறக்கிவைப்பதால் பெரிய பயனில்லை. குழந்தையின் உடலோ பெரியவர்களின் உடலைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறுகிறது. அமெரிக்காவில் மட்டும் 1998 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 37 பிள்ளைகள் இவ்வாறு இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மறக்கப்பட்டவர்கள். அங்கே அப்படியென்றால், புதுச்சேரியின் கத்திரி வெயிலைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

2022 செப்டம்பரில் ஒரே வாரத்தில் இரண்டு துயரங்கள் நடந்தன. ஜப்பானின் ஷிசுவோகா மாநிலத்தில் மழலையர் பள்ளிப் பேருந்தில் மூன்று வயதுச் சிறுமி இறந்தாள். வழக்கமான ஓட்டுநர் அன்று இல்லாததால் பள்ளியின் தலைவரே வண்டியை ஓட்டியிருந்தார். சில நாட்களில் கத்தாரில், கேரளத்தைச் சேர்ந்த நான்கு வயதுச் சிறுமி பள்ளிப் பேருந்தில் உறங்கிவிட, பார்க்காமலே வண்டியைப் பூட்டிவிட்டார்கள். நண்பகலில் பிள்ளைகளைத் திரும்ப ஏற்ற வந்தபோதுதான் கண்டார்கள். வளைகுடாவில் பேரப்பிள்ளைகள் வளரும் குடும்பங்கள் நம் சபையிலும் உண்டு; அந்த நாட்களில் அவர்கள் என்னிடம் பேசிய குரலை நான் அறிவேன்.

ஜப்பான் 2023 ஏப்ரல் முதல் மழலையர் பேருந்துகளில் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்னரே தென்கொரியா ஒரு வழி கண்டிருந்தது. 2018-இல் காப்பக வண்டியில் ஒரு குழந்தை இறந்தபின், வண்டியின் கடைசியில் ஒரு பொத்தானைப் பொருத்தினார்கள். இயந்திரத்தை நிறுத்திய ஓட்டுநர் பின்கோடிவரை நடந்து அதை அழுத்தாவிட்டால் ஒலி எழும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுவே. குழந்தையைக் கண்டுபிடிக்கும் வேலையை இது இயந்திரத்திடம் ஒப்படைக்கவில்லை. மனிதனை நடக்க வைக்கிறது. இத்தாலியில் 2019 நவம்பர் முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் இருக்கையில் எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்க வேண்டும். வாங்குவோருக்கு அரசு 30 யூரோ உதவியும் அளித்தது.

நமக்கு அருகே, 2022-இல் சென்னை வளசரவாக்கத்தில் பள்ளி வாகனம் மோதி ஒரு மாணவன் இறந்தபின், பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் கேமரா வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதி செய்தது. நல்ல விதி. ஆனால் அந்தக் கேமரா வண்டிக்கு வெளியே நிற்கும் பிள்ளையைத்தான் காணும். உள்ளே உறங்கும் பிள்ளையைக் காணாது.

கருவிகளின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 2012-இல் சிலவற்றைச் சோதித்தபோது, குழந்தை சற்று நகர்ந்து உட்கார்ந்தாலே அவை தடுமாறின. சில புதிய கார்களில் வரும் வசதி, புறப்படும் முன் பின்கதவு திறக்கப்பட்டதா என்பதை மட்டுமே கணக்கில் கொண்டு மணியடிக்கும். உள்ளே குழந்தை இருக்கிறதா என்று அது அறியாது. மேலும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் மடியில் அல்லவா பயணிக்கிறார்கள்! எனவே செலவில்லாத வழிகளையும் பழகுங்கள். கைப்பையையோ கைப்பேசியையோ பின் இருக்கையில், குழந்தையின் அருகே வையுங்கள். பிள்ளை வரவில்லையென்றால் பத்து நிமிடத்துக்குள் இருவரையும் அழைக்கும்படி காப்பகத்தாரிடம் சொல்லிவையுங்கள். கருவியைவிட இந்த அழைப்பையே நான் அதிகம் நம்புகிறேன்.

நினைப்பூட்டும் பொருளை வைத்துக்கொள்வது இழிவு என்று நினைக்கிறவர்கள் எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தமது கற்பனைகளை ஜனங்கள் மறந்துபோவார்கள் என்று அறிந்த ஆண்டவர், வஸ்திரத்தின் ஓரத்தில் தொங்கல்களும் இளநீல நாடாவும் வைத்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தவுடன் நினைவு வரவேண்டும், அவ்வளவே. உங்கள் அன்பை அவர் அங்கே சந்தேகிக்கவில்லை.

நம் ஓய்வுநாள் பாடசாலை வேனின் கடைசி இருக்கைக்குப் பின்னால் கொரியாவில் உள்ளதுபோல ஒரு பொத்தானும் மணியும் பொருத்த வேண்டும் என்று வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் சபைக் கமிட்டியில் கேட்கப்போகிறேன். மின்வேலை அறிந்த சகோதரர் ஒருவர் உழைப்பை இலவசமாகத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை, பிள்ளைகள் இறங்கியதும் ஓட்டுநர் கடைசி இருக்கைவரை நடந்து, இருக்கைகளின் அடியிலும் பார்த்துவிட்டே பூட்டுவார். ஆசிரியை ஒருவர் இறங்கியவர்களை எண்ணி ஏட்டில் எழுதுவார்.

எந்தக் கருவியும் தடுக்காத ஆபத்து ஒன்றும் உண்டு. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் புகுந்த மூன்று பிள்ளைகள் வெளியே வர இயலாமல் இறந்தார்கள். யாரும் அவர்களை மறக்கவில்லை, கார் பூட்டப்படாதிருந்தது. ஆராதனை முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும் அரைமணி நேரம் நம் வளாகத்தில் பிள்ளைகள் கார்களுக்கு இடையேதான் ஓடுகிறார்கள். இந்த ஞாயிறு முதல் வாசலில் நிற்கும் வாலிபர் ஒவ்வொரு காரின் கதவையும் இழுத்துப் பார்ப்பார். திறந்திருந்தால் வண்டி எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிப்போம். அது என் வண்டியாக இருந்தாலும் அறிவிக்கச் சொல்லியிருக்கிறேன்.