பவர் கேபிளுக்கு 18,000 ரூபாயா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் ஏழாம் வகுப்பு படித்து இன்று நல்ல வேலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "சார், வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் இருக்கு. பவர் கேபிளை மாற்றினால் பாட்டு இன்னும் துல்லியமா கேட்கும்னு சொல்றாங்க. ஒன்றரை மீட்டர் 18,000 ரூபாய். வாங்கலாமா?" நம் சொந்தத்திலும் இரண்டு பேருக்கு இந்த ஆசை இருப்பது தெரியும். அதனால் பொதுவிலேயே பதில் சொல்கிறேன்.

வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் கேள்விக்கு அந்தப் பாடமே போதும்.

ஓம் விதி நினைவிருக்கிறதா? வோல்ட் என்பது ஆம்பியரை ஓமால் பெருக்கி வருவது. 1827-இல் அதை நூலாக வெளியிட்ட ஜார்ஜ் சைமன் ஓம், ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நம்ம ஆள்!

இப்போது கணக்குக்கு வருவோம். பெட்டியோடு வரும் சாதாரண கேபிளில் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒன்றரை மீட்டர், வர ஒன்றரை மீட்டர், மொத்தம் 3 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம். ஆம்ப்ளிஃபயர் 1 ஆம்பியர் இழுத்தால் கேபிளில் குறைவது 0.07 வோல்ட். சத்தம் உச்சத்துக்குப் போகும் நொடியில் ஐந்து மடங்கு இழுத்தாலும் அரை வோல்ட்டைத் தாண்டாது. வருவதோ 230 வோல்ட். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டாலே நம் வீட்டில் இதைவிட அதிகமாக ஏறி இறங்குகிறதே!

இன்னொன்று. அந்த மின்சாரம் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பத்து அலுமினியக் கம்பியில் வந்து, மீட்டரைக் கடந்து, சுவருக்குள் ஓடும் ஒயரிங் வழியாகப் பிளக்கை அடைகிறது. இத்தனை தூரத்தையும் விட்டுவிட்டு, கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும் தங்க முலாம் பூசினால் என்ன ஆகும்? தெருக்குழாய் பழசாகவே இருக்க, வீட்டுக் குழாயின் வாயை மட்டும் வெள்ளியில் செய்து வைத்தால் தண்ணீர் இனிக்குமா?

ஆம்ப்ளிஃபயருக்குள்ளே ஒரு மேல்நிலைத் தொட்டியும் இருக்கிறது. வந்த மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கி, கெப்பாசிட்டர்களில் சேர்த்து வைத்துத்தான் அது செலவழிக்கிறது. ஸ்பீக்கருக்குப் போவது அந்தத் தொட்டித் தண்ணீர்.

"ஆனால் சார், மாற்றியதும் வித்தியாசம் கேட்டதே" என்பவர்களை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். காசு கொடுத்து மாட்டிய பிறகு காது கூர்மையாகிவிடுகிறது. அதுவரை கவனிக்காத தம்புராவும் அன்றுதான் கேட்கும். கேட்டது உண்மை, காரணம்தான் வேறு.

அதனால் வாங்கும் முன் ஒரு வீட்டுப்பாடம். இரண்டு கேபிளையும் இரவல் வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைத் துணியால் மறையுங்கள். நீங்கள் அறைக்கு வெளியே நிற்க, வீட்டில் ஒருவர் காசைச் சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றொன்று என்று மாட்டிவிட்டு நகரட்டும். ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரை அணைத்த பிறகே கேபிளைக் கழற்ற வேண்டும். ஒலி அளவைத் தொடக் கூடாது. அதே பாட்டை 10 முறை கேட்டு, எந்தக் கேபிள் என்று எழுதுங்கள். 5 சரியென்றால் வெறும் குருட்டாம்போக்கு. குருட்டாம்போக்கில் 9 அல்லது அதற்கு மேல் வர 1024-இல் 11 வாய்ப்புதான். அவ்வளவு எடுத்தால் தாராளமாக வாங்குங்கள். இங்கேயும் வந்து எழுதுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன்.

அப்படியானால் கேபிளை மாற்றவே வேண்டாமா? உறை வெடித்திருந்தால், பிளக் சூடானால், சாக்கெட்டில் தொளதொளவென்று ஆடினால் இன்றைக்கே மாற்றுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல கேபிள் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும்.

கடைசியாக, இந்தப் பதிவை எழுத வைத்த முக்கியமான காரணம். ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் எர்த் பின்னை வெட்டிவிடு என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மூன்று பின்னில் தடித்து நீண்டிருப்பது எர்த். முதலில் உள்ளே போய், கடைசியில் வெளியே வரவேண்டும் என்றே அதை நீளமாக வைத்தார்கள். உள்ளே கசிவு ஏற்பட்டு உலோகப் பெட்டியில் மின்சாரம் ஏறினால், அதைத் தரைக்கு அனுப்புவது அந்தப் பின்தான். அதை வெட்டிவிட்டால், பெட்டியைத் தொடும் பேரப்பிள்ளையின் உடம்பு வழியாக அது போகும். ஆம்ப்ளிஃபயர், டிவி, செட்டாப் பாக்ஸ் மூன்றையும் ஒரே இடத்து சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள், பல வீடுகளில் இரைச்சல் அதிலேயே குறையும்.

18,000 கையில் இருக்கிறதா? முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்திங்கைச் சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடுங்கள். மிச்சத்தில் நல்ல ஸ்பீக்கருக்குச் சேர்த்து வையுங்கள். உயிருக்கும் பாதுகாப்பு, காதுக்கும் விருந்து.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கை தூக்கியவரை நான் என்றும் உட்கார வைத்ததில்லை.

அன்புடன்,
உங்கள் சார்