சுமப்பவனும் குற்றவாளியே!

 

2019 ஜூலையில் மும்பையைச் சேர்ந்த இளம் முஸ்லிம் தம்பதி ஒன்று கத்தார் நாட்டுக்குப் புறப்பட்டது. பயணச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டவர் கணவரின் நெருங்கிய உறவுக்காரப் பெண். தேனிலவுக்கு என் பரிசு என்றார். புறப்படும்போது ஒரு பொட்டலத்தையும் கையில் கொடுத்து, அங்குள்ள நண்பருக்கான ஜர்தா என்றார். தோஹா விமான நிலையத்தில் பையைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது 4.1 கிலோ ஹஷீஷ்! இருவருக்கும் பத்தாண்டுச் சிறைத் தண்டனை. கர்ப்பிணியாக இருந்த மனைவிக்குச் சிறைவாசத்திலேயே குழந்தை பிறந்தது. குடும்பத்தார் இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புத் துறையிடம் முறையிட்டு, உண்மை வெளிவந்து, 2021 மார்ச்சில்தான் அவர்கள் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டனர்.

வாசகரே! அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மாமியோ சித்தியோ கொடுக்கும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்திருப்பீர்களா? 'என்ன பேச்சு இது, நம்ம ஆளுதானே' என்றுதானே வாங்கி வைத்திருப்பீர்கள்? கடத்தல்காரன் எதிர்பார்ப்பது அதைத்தான். அவனுக்குத் தேவை உங்கள் நல்ல மனசு. போதைக்கு அடிமையான ஆள் அவனுக்கு வேண்டியதில்லை. தொழுகைக்குப் போகிறவன், கெட்ட பழக்கம் இல்லாதவன், பாஸ்போர்ட் வைத்திருப்பவன், வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவன், இவனைத்தான் அவன் தேடுகிறான்.

சிங்கப்பூரின் சட்டத்தைச் சிலர் இன்னும் விளையாட்டாக எண்ணுகிறார்கள். அங்கே 500 கிராம் கஞ்சாவுக்கு மேல் கடத்தினால் தூக்கு. 2023 ஏப்ரல் 26 அன்று தங்கராஜு சுப்பையா என்ற தமிழர் தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. கடத்தலுக்குப் பயன்பட்ட கைபேசி எண்கள் அவருடையவை என்பதே வழக்கின் முக்கிய சாட்சியம். உங்கள் பெயரில் சிம் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்திருக்கும் இளைஞர்களே, இதை இன்னொரு முறை படியுங்கள். சவூதி அரேபியாவிலும் போதைக் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. அமீரகத்திலும் சவூதியிலும் நம் வீட்டுக் குருமாவில் போடும் கசகசாவே தடை செய்யப்பட்ட பொருள். தாய்மார்கள் பாசத்தோடு கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கூடக் கவனம் தேவை.

நம் நாட்டுச் சட்டம் லேசானது என்று எண்ணிவிட வேண்டாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி 20 கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல். ஜாமீன் கிடைப்பது மிக அரிது. மற்ற வழக்குகளில் குற்றத்தை நிரூபிப்பது போலீஸின் பொறுப்பு. இந்தச் சட்டத்தில் பொருள் உங்களிடம் இருந்தது என்று காட்டப்பட்டுவிட்டால், 'எனக்குத் தெரியாது' என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளையும் கஞ்சா, ரயிலிலும் லாரியிலும் சென்னை வழியாக வந்து, ராமேஸ்வரம், வேதாரண்யம் கடற்கரைகளில் இலங்கைக்குப் படகேறுகிறது. அந்த நீண்ட வழியில் பிடிபடுபவன் டிரைவர், கிளீனர், பை தூக்கிய பையன். முதலாளி பிடிபடுவது அபூர்வம்.

வியாபாரப் பெருமக்களே! இனி உங்களிடம் பேச வேண்டும்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஏறக்குறைய 3000 கிலோ ஹெராயின் பிடிபட்டது. ஆப்கானிஸ்தானின் டால்க் கல் என்று பொய் சொல்லி இரண்டு கன்டெய்னர்களில் வந்த சரக்கு. இறக்குமதி செய்ததாகப் பதிவான நிறுவனம் எங்கே? விஜயவாடாவில். அந்த நிறுவனத்தின் பெயரில் கைதான தம்பதி எங்கே வசித்தார்கள்? நம் சென்னையில்! இறக்குமதி லைசென்ஸைக் கமிஷனுக்காகப் பிறருக்குக் கொடுத்தார்கள் என்று செய்திகள் வந்தன. நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வேறு விஷயம். 'பேரை மட்டும் கொடுங்க பாய், மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்று உங்களிடம் எவனாவது வந்தால், அவன் கேட்பது உங்கள் பெயரை அல்ல, உங்கள் கழுத்தை. ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கணக்கு, குடோன் சாவி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். தெரிந்தே கடையையோ வண்டியையோ கடத்தலுக்கு விட்டால் கடத்தியவனுக்குள்ள தண்டனையே உங்களுக்கும். வண்டியும் பறிமுதல்.

2024 பிப்ரவரியில் டெல்லியில் 50 கிலோ சூடோஎபெட்ரின் பிடிபட்டது. சளி மருந்தில் சேர்க்கும் இந்தப் பொருளில் இருந்துதான் மெத் என்னும் கொடிய போதை தயாராகிறது. சத்துமாவிலும் தேங்காய்த் துருவலிலும் மறைத்து ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு. கைதானவர்கள் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்த மாதம் கைதான திரைப்படத் தயாரிப்பாளர் நம் சமுதாயப் பெயரைக் கொண்டவர். உடனே சில ஊடகங்கள் என்ன செய்தன? ஒருவர் மீதான வழக்கை ஒரு சமுதாயத்தின் மீதான வழக்காக மாற்றின. அதை நாம் கண்டித்தோம், இனியும் கண்டிப்போம். தீர்ப்பு வரும்வரை எவரும் குற்றவாளி அல்லர். ஆனால் நமக்கு நாமே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டோமா? திடீரென்று பணம் புரளும் ஒருவர் மதரஸாவுக்கும் மஸ்ஜிதுக்கும் அள்ளிக் கொடுக்கும்போது, 'இது எந்தத் தொழிலில் வந்தது?' என்று எந்த நிர்வாகியாவது கேட்கிறாரா? மேடையில் நாற்காலி போட்டு சால்வை போர்த்துகிறோம்!

மதுவின் விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது குடிப்பவனை மட்டுமல்ல. தயாரிப்பவன், சுமப்பவன், விற்பவன், அதன் கிரயத்தில் சாப்பிடுபவன் என்று பத்துப் பேரைச் சேர்த்தார்கள். 'நான் குடிப்பதில்லை, வியாபாரம்தான் செய்கிறேன்' என்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? 2013 முதல் தமிழகத்தில் குட்காவுக்குத் தடை இருக்கிறது. நம்மவர் பெட்டிக்கடை சிலவற்றில் அது இன்னமும் மிட்டாய் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. பள்ளிப் பிள்ளை கேட்டாலும் கிடைக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை விற்கும் மருந்துக் கடைகளும் உண்டு. டேபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொண்டு பிள்ளைகள் உயிரை விடுகிறார்கள்.

மாத்திரைதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்காவைப் பாருங்கள். 1971இல் அதிபர் நிக்ஸன் போதைக்கு எதிராகப் போர் முழக்கம் செய்தார். சிறைகள் நிரம்பின. 1996இல் பர்டூ என்ற கம்பெனி ஆக்ஸிகான்டின் என்னும் வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று ஏமாற்றி விற்றதை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் மாத்திரையில் தொடங்கியவர்கள் ஹெராயினுக்கும், பிறகு ஃபென்டனிலுக்கும் போய்விட்டார்கள். 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அளவு மீறிய போதையால் செத்தார்கள். ஓரிகன் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு போதை வைத்திருப்பது குற்றமல்ல என்றது. சிகிச்சை வசதி போதிய அளவு வரவில்லை, தெருக்கள் நாறின. 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கியது. பாடம் என்ன? சிறை மட்டும் போதாது. கண்டுகொள்ளாமல் விடுவதும் தீர்வல்ல. விற்பவனைத் தடுக்க வேண்டும், விழுந்தவனைத் தூக்க வேண்டும்.

நாம் தூக்குகிறோமா? சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் உத்திரமேரூர்ப் பகுதிச் சிறு வியாபாரி ஒருவர் எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பையன் ராத்திரியெல்லாம் தூங்கறதில்லே. கல்லாவிலே கை வைக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஊருக்குத் தெரிஞ்சிடும். தங்கச்சிக்கு நிக்காஹ் நடக்காது" என்று அழுதார். பையன் ஒன்றரை வருடமாக இப்படி இருக்கிறானாம். ஒன்றரை வருடம் அந்த மனிதர் ஜமாஅத்துக்குப் பயந்து நோயை மறைத்திருக்கிறார்! அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பயமுறுத்தியது நாம்தான்.

பெற்றோர்களே, ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். போதைக்கு அடிமையானவன் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை முடித்தால், உபயோகித்ததற்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் வழக்கில் இருந்து பாதுகாப்பு பெற அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு வழி செய்கிறது. 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். விற்பவனைப் பற்றித் தகவல் சொல்ல 1933 இருக்கிறது.

எங்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டை உலகமே பேசுகிறது. சுமார் 1100 ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில், குடவோலை முறையில் யார் உறுப்பினராகலாம் என்று வெட்டி வைத்தது. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் உறவினருக்கும் இடமில்லை என்றது. குடி முதலிய பெரும் பாவங்கள் செய்தவனையும் விலக்கியது. அந்த மண்ணில் வாழும் நாம் ஜமாஅத் நிர்வாகத்துக்கு அந்த அளவுகோலையாவது வைக்க வேண்டாமா?

ஒவ்வொரு மஹல்லாவும் மூன்று முடிவுகளை எடுக்கட்டும். வருமானம் விளங்காத பணத்தை வாங்குவதில்லை. குட்காவும் போதை மாத்திரையும் விற்கும் கடைக்காரர் நம்மவராயினும் முதலில் எச்சரிப்பது, திருந்தாவிட்டால் புகார் செய்வது. போதையில் விழுந்த பிள்ளையின் பெயரைக் காத்து, சிகிச்சைக்குப் பைத்துல்மாலில் இருந்து உதவுவது.

இளைஞனே! நாளை எவனாவது ஒரு பையை நீட்டுவான். உறவைச் சொல்வான், ஊரைச் சொல்வான், ஸலாம் கூடச் சொல்வான். ஸலாமுக்குப் பதில் சொல். பையைப் பிரித்துக் காட்டச் சொல். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். ஓர் உறவின் கோபம் ஒரு நாளில் ஆறும். பத்தாண்டுச் சிறை ஆறாது.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளைப் பாதுகாப்பானாக!