இளையோர் வாசிக்காவிடில் யாருக்கு இழப்பு?

இளையோரிடம் வாசிப்புப் பழக்கம் குறைந்துவிட்டது என்னும் குறை, பெற்றோர் ஆசிரியர் சந்திப்பிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் தவறாமல் எழுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் தேர்வில் போய் முடிகிறது. நிறைய வாசித்தால் சொல்வளம் பெருகும், கட்டுரை சிறப்பாக அமையும், எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி கிட்டும் என்பார்கள். இவை பொய்யல்ல. ஆயினும், தேர்வுக்காக மட்டும் நூலைத் திறந்த மாணவர், தேர்வு முடிந்த மறுநாளே அதை மூடிவைத்துவிடுகிறார். அவரைக் குறைகூறுவதில் பொருளில்லை. வாசிப்பின் பயன் அவ்வளவுதான் என்றுதானே அவருக்குச் சொல்லப்பட்டது?

அதிகாலையில் எழுவதைப் போல, உடற்பயிற்சி செய்வதைப் போல, வாசிப்பையும் தனிமனிதரின் நற்பழக்கங்களுள் ஒன்றாகவே பலர் எண்ணுகின்றனர். மலேசியத் தமிழரின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், வாசிப்பு ஒரு சமூகமே கூடிச் செய்த செயலாக இருந்தது புலப்படும்.

'தமிழ் நேசன்' நாளிதழ் 1924ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தோன்றியது. 1935இல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கப்பட்டது. அக்காலத்துத் தோட்டப்புறங்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. எனவே, ஓர் இதழ் வந்தால் ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்பார்கள். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஒரே இதழ் பலரின் கைக்கு மாறும். தமிழகத்துச் செய்தி, உலகப் போரின் போக்கு, அடுத்த தோட்டத்துத் தொழிலாளர் கேட்ட கூலி உயர்வு எனப் பலவும் இப்படித்தான் லயத்து வீடுகளை எட்டின. படித்துக் காட்டியவர் பெரும்பாலும் பள்ளிக்குச் சென்ற ஓர் இளையராகவே இருந்தார். பதினான்கு வயதுச் சிறுவனின் குரலுக்காகப் பெரியவர்கள் காத்திருந்தார்கள் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம்.

படிப்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1950ஆம் ஆண்டளவில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' வழியாகக் 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தினர். சிறுகதை எழுதுவது எப்படி என்பதைப் பத்திரிகையிலேயே பாடமாகக் கற்பித்தனர். அதே காலக்கட்டத்தில் 'தமிழ் முரசு' மாணவர்களுக்கென மணிமன்றம் அமைத்து, அவர்களின் எழுத்துகளை வெளியிட்டு ஊக்குவித்தது. தமிழகத்தின் சிறந்த சிறுகதை எழுத்தாளர்களுள் ஒருவரான கு. அழகிரிசாமி 1952இல் மலாயாவுக்கு வந்து, 'தமிழ் நேசனில்' பணியாற்றியபடியே இங்குள்ள இளம் எழுத்தாளர்களோடு இலக்கியம் பேசினார். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தின் முன்னோடிகள் பலர் இத்தகைய பத்திரிகைப் பக்கங்களை வாசித்து வளர்ந்தவர்களே. அவர்களுள் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் இருந்தனர். நூலகமோ புத்தகக் கடையோ அருகில் இல்லாத இடத்திலிருந்து எழுத வந்தவர்கள் அவர்கள்.

அவர்கள் எழுதி வைத்தவை இன்று எதற்குப் பயன்படுகின்றன? இக்கேள்விக்குச் சயாம் மரண இரயில் பாதையைப்போல் தெளிவாகப் பதில் சொல்லும் நிகழ்வு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை ஜப்பானிய இராணுவம் அமைத்தது. 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கிய பணி, 1943 அக்டோபரில் முடிந்தது. மலைகளையும் அடர்ந்த காடுகளையும் ஊடுருவிச் செல்லும் பாதை அது. அத்தனை விரைவில் முடிந்ததற்கு மனித உயிர்களே விலையாயின. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டனர். ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கையோ அதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். அவர்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர். நல்ல கூலி தருவதாகச் சொல்லிச் சிலரை அழைத்துச் சென்றனர். பலரை வற்புறுத்தி ஏற்றிச் சென்றனர். வாந்திபேதி, மலேரியா, பசி, அடி உதை எனப் பல வழிகளில் அவர்கள் மாண்டனர். திரும்பி வந்தவர்கள் குறைவு.

போர்க்கைதிகளின் துயரத்தை உலகம் அறியும். அவர்களுள் பலர் நாட்குறிப்பு எழுதினர், ஓவியம் தீட்டினர், நாடு திரும்பியபின் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டனர். 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் திரைப்படம் அக்கதையை உலகெங்கும் கொண்டுசென்றது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான வீரர்கள் பெயர் பொறித்த கல்லின் கீழ் உறங்குகின்றனர். அதே பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு அவர்களுக்குக் கல்வி வாய்க்கவில்லை. அவர்கள் பட்ட பாடு, உயிர்தப்பி வந்தோரின் வாய்மொழியாக வீட்டுக்குள்ளேயே சில காலம் வாழ்ந்தது.

அந்த வாய்மொழி கரைந்துபோகும் முன் சில மலேசிய எழுத்தாளர்கள் அதை நாவலாக்கினர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வெளிவந்தது. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இல் வெளிவந்தது. வரலாற்று நூல் எண்ணிக்கையைச் சொல்லும். நாவலோ, அந்த எண்ணிக்கைக்குள் இருந்த ஒருவரின் பசியையும், வீட்டில் விட்டுவந்த பிள்ளையின் நினைவையும், பக்கத்தில் படுத்திருந்தவர் காலையில் எழாததையும் சொல்லும். இத்தகைய நூல்களை ஆங்கிலத்திலோ மலாயிலோ தேடினால் எளிதில் கிடைக்கா. தமிழில் இருக்கின்றன; தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அவை வாய்திறக்கும். பள்ளியில் பத்தாண்டுக்கு மேல் தமிழ் பயின்ற ஒருவர் அவற்றைத் திறக்காமலே போனால், தம் கொள்ளுத்தாத்தா காலத்து வரலாற்றைத் திரைப்படம் எடுத்தவரின் கண்வழியே மட்டும் பார்ப்பார். அத்திரைப்படத்திலோ கதைமாந்தர் போர்க்கைதிகளே. தோட்டத்துத் தமிழருக்கு அதில் இடமில்லை.

வரலாற்றோடு சொற்களும் நூல்களில்தான் தங்கியிருக்கின்றன. பெரட்டு, நிரை, ஆயாக் கொட்டகை, ஒட்டுப்பால், காண்டா வாளி ஆகியவை தோட்டத்தில் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலத்தில் அன்றாடச் சொற்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீடமைப்புப் பகுதிகளாகியும் போனபின், மக்கள் நகரங்களில் குடியேறினர். பால்மரம் இல்லாத இடத்தில் ஒட்டுப்பால் என்னும் சொல்லுக்கு வேலையில்லை. அகராதியில் பொருள் எழுதி வைக்கலாம். ஆனால், விடியற்காலை இருட்டில் பெரட்டுக்குப் பிந்திவிட்டால் அன்றைய கூலி போய்விடுமோ என்று ஓடிய ஒரு பெண்ணின் பதற்றத்தை அகராதி தராது. தோட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட நல்ல சிறுகதை தரும்.

இதனால் தமிழ் மாணவர் தமிழரைப் பற்றி மட்டுமே வாசிக்க வேண்டும் என்பதாகாது. தன் வீட்டுக் கதையை அறிந்தவருக்கு அடுத்த வீட்டுக் கதையும் எளிதில் விளங்கும். ஷானோன் அமாட் எழுதிய 'ரஞ்சாவ் செப்பாஞ்சாங் ஜாலான்' என்னும் மலாய் நாவல் 1966இல் வெளிவந்தது. நெல் பயிரிடும் லாஹுமாவும் அவர் மனைவி ஜேஹாவும் ஏழு பெண் பிள்ளைகளோடு வறுமையில் உழல்வதை அது சித்திரிக்கிறது. காலில் தைத்த ஒரு முள் லாஹுமாவின் உயிரைக் கொள்ளையடிக்கிறது. வயலோ நண்டுக்கும் பறவைக்கும் வெள்ளத்திற்கும் இரையாகிறது. நகரத்து அடுக்குமாடி வீட்டில் வளரும் ஒரு தமிழ் மாணவர் இந்நாவலைப் படித்தால், நெல்வயலில் உழலும் அக்குடும்பமும் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் குடும்பமும் ஒரே வகை அச்சத்தோடு உறங்கச் சென்றதை உணர்வார். பல இனத்தார் வாழும் நாட்டில் ஒற்றுமையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளுக்குப் பஞ்சமில்லை. அண்டை வீட்டாரின் மனத்துக்குள் ஒருமுறை போய்வர உதவும் நூல்கள் அவற்றைவிடக் கூடுதலாகவே பயன்படும்.

இளையோர் திறன்பேசியில் நாள் முழுதும் எதையோ வாசித்துக்கொண்டுதானே இருக்கின்றனர் என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. குறுஞ்செய்தி, படத்தின் கீழ் எழுதப்பட்ட குறிப்பு, விளையாட்டுச் செய்தி என ஒரு நாளில் அவர்களின் கண்முன் ஓடும் சொற்கள் ஏராளம். திறன்பேசியைப் பகையாகக் கருதுவதும் வீண். தேசிய நூலகத்தின் மின்னூல்களையும் அதே கருவியில்தான் படிக்க முடிகிறது. குறை கருவியில் இல்லை. குறுஞ்செய்தியைப் படிப்பவர் தமக்கு ஏற்கெனவே தெரிந்தவரோடு, தெரிந்த செய்தியைப் பற்றி, தெரிந்த சொற்களில் உறவாடுகிறார். இருநூறு பக்க நாவலைப் படிப்பவரோ முன்பின் அறியாத ஒருவரோடு பல மணி நேரம் தங்குகிறார். அவர் செய்வது பிடிக்காவிட்டாலும் எழுந்து போகாமல் காரணத்தைக் கேட்கிறார். இப்பொறுமை வேறு எங்கும் அவ்வளவு எளிதாகப் பழகக் கிடைப்பதில்லை. ஒரு காணொலியைப் பாதியில் தள்ளிவிட ஒரு விரல் போதும் அல்லவா?

பள்ளிகள் கைகட்டி நிற்கவில்லை. கல்வி அமைச்சு 1990களின் இறுதியில் அறிமுகம் செய்த 'நிலாம்' வாசிப்புத் திட்டத்தின்வழி மாணவர்கள் தாங்கள் படித்த நூல்களைப் பதிவு செய்கின்றனர். ஐக்கிய நாட்டுக் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் 2020ஆம் ஆண்டின் உலகப் புத்தகத் தலைநகராகக் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்தது. 2021 முதல் 2030 வரையிலான காலத்தைத் தேசிய வாசிப்புப் பத்தாண்டாக அரசாங்கம் அறிவித்துள்ளது. திட்டங்கள் நல்லவையே. பதிவு செய்வதே நோக்கமாகிவிடும்போதுதான் சிக்கல் எழுகிறது. நூலின் பின்னட்டையில் உள்ள சுருக்கத்தை அப்படியே எழுதி, எண்ணிக்கையைக் கூட்டுவது மாணவர்கள் அறியாத கலையன்று. பதிவேட்டில் ஐம்பது நூல்கள் இருக்கலாம். அவற்றுள் ஒன்றைப் பற்றியாவது நண்பரிடம் ஐந்து நிமிடம் வாதாட முடியாவிட்டால், அந்த ஐம்பதும் வெறும் எண்ணாகிவிடும்.

பழைய தோட்டத்து வாசிப்பில் இருந்த ஒன்று இன்றைய பதிவேட்டில் இல்லை. அங்கே படித்தவர் ஒருவர் என்றால், கேட்டுக் கருத்துரைத்தவர் பத்துப்பேர். அதை மீட்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நான்கைந்து மாணவர்கள் ஒரே சிறுகதையைப் படித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் உணவகத்தில் அமர்ந்து, கதைத்தலைவர் செய்தது சரியா தவறா என்று சண்டையிட்டாலே போதும். வாசிக்காத ஆறாவது மாணவர் அந்தச் சண்டையைக் கேட்டுக் கதையைத் தேடுவார். வீட்டிலும் இது நடக்கலாம். பழைய எழுத்து மங்கலாகத் தெரிவதால் நாளிதழை மடித்து வைத்துவிட்ட தாத்தா பாட்டிமார் பல வீடுகளில் உள்ளனர். பேரப்பிள்ளை அவர்களுக்குத் தோட்டத்துக் கதை ஒன்றைப் படித்துக் காட்டினால், கதை பாதியிலேயே நின்றுவிடக்கூடும். "அப்படியில்லை, எங்கள் தோட்டத்தில் வேறு மாதிரி" என்று அவர்கள் சொந்தக் கதையைத் தொடங்கிவிடுவார்கள்.

மலேசியாவில் ஒரு தமிழ் நூல் பெரும்பாலும் சில நூறு படிகளே அச்சாகிறது. எழுத்தாளரே அவற்றைச் சுமந்து சென்று விற்க வேண்டிய நிலையும் உண்டு. விற்றுத் தீர்ந்தபின் மறுபதிப்பு வருவது அரிது. அதன்பின் அந்நூலுக்கு நூலகமே புகலிடம். ஆனால், நூலகத்திலும் இடம் அளவானது. புதிய நூல்கள் வர வர, நெடுங்காலம் எவரும் இரவல் பெறாத நூல்களைக் கழிப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. எந்த நூலை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதை நூலகர் தம் விருப்பப்படி மட்டும் முடிவு செய்வதில்லை; யார் எப்போது அதை எடுத்துச் சென்றார் என்னும் பதிவையும் பார்க்கிறார். ஆகவே, ஒரு வெள்ளிக்கிழமை மாலை படிவம் நான்கு மாணவி ஒருத்தி அலமாரியிலிருந்து 'நினைவுச் சின்னத்தை' எடுத்து முகப்புக்குக் கொண்டுசென்றால், அவள் அறியாமலேயே அந்நூல் அலமாரியில் இன்னும் சில ஆண்டுகள் இருப்பதற்கான காரணம் ஒன்று பதிவாகிவிடுகிறது.