சோதனைக் குழாய் சொல்லாத சேதி

கடல் நீர் நன்றாக இருக்கிறதா, இல்லையா? 1998 டிசம்பரில் மத்திய அரசு இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. கரையோரக் கடலை, பயன்பாட்டைப் பொறுத்து ஐந்து வகையாகப் பிரித்தது. மக்கள் குளிக்கும் கடல் என்றால் ஒரு லிட்டர் நீரில் 4 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டரில் மலக் கிருமிகள் 100-ஐத் தாண்டக் கூடாது. கலங்கல், நாற்றம், எண்ணெய்ப் படலம் எல்லாம் பட்டியலில் உண்டு. விட்டுப்போனது ஒன்றுதான்: அந்த நீரில் வாழும் பிளாங்டன்.

கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும் இந்த நுண்ணுயிர்கள்தான் கடல் மீன்களின் சோறு. நம் நாட்டு ஆய்வாளர்களுக்கு இது புதிய செய்தியல்ல. மலபார், சென்னை மாகாணத்தில் இருந்த 1920-களில், மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னல் மத்தி மீனையும் பிளாங்டனையும் சேர்த்தே ஆராய்ந்தார். 1955-ல் ஆர்.வி. நாயரும் ஆர். சுப்ரமணியனும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிராஜிலேரியா ஓஷியானிகா என்ற டயட்டம் கடலில் பெருகுவது மத்தி பெருகுவதற்கான அறிகுறி என்றார்கள்.

நீரை மட்டும் சோதித்தால் என்ன குறை? ஆக்ஸிஜனையே எடுத்துக்கொள்ளலாம். நுண்பாசி மண்டிய கடலில் பகலில் ஒளிச்சேர்க்கை நடப்பதால் ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும். இருட்டியதும் அதே பாசி ஆக்ஸிஜனை இழுக்கத் தொடங்கும். செத்து அழுகும்போது பாக்டீரியாக்களும் பங்குக்கு வரும். விடிவதற்குள் மீன்களுக்கு மூச்சு முட்டும். ஆனால் நடுப்பகலில் எடுத்த சாம்பிள் 'பாஸ்' ஆகியிருக்கும்!

எந்த இனம் பெருகுகிறது என்பது இன்னும் முக்கியம். டயட்டம் தன் ஓட்டைக் கட்ட சிலிக்கா வேண்டும். அது பாறையும் மண்ணும் கரைந்து ஆற்றோடு வருவது. சாக்கடையும் வயல் உரமும் கொண்டுவந்து கொட்டுவதோ பெரும்பாலும் நைட்ரஜனும் பாஸ்பரஸும். சிலிக்கா போதாமல் டயட்டம் பின்தங்கினால், ஓடு தேவையில்லாத இனங்கள் முந்திக்கொள்ளும். அவற்றில் சில நஞ்சு சுரப்பவை. அந்த நஞ்சு சிப்பி வழியாக மனிதனின் தட்டுக்கும் வரும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகி நீர் பச்சையானது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

அதற்காகப் பச்சையெல்லாம் நோயல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையோரம் அடிநீர் மேலே வருகிறது. அது கொண்டுவரும் சத்தில் பிளாங்டன் செழிக்கிறது, மத்திக்கு விருந்து. இயற்கையின் வேலை எது, சாக்கடையின் வேலை எது என்று பிரித்துச் சொல்ல ஒரே வழி, ஒரே இடத்தில் மாதாமாதம், வருடக்கணக்கில் எண்ணி வைத்த பதிவு. செயற்கைக்கோள் கடலின் நிறத்தைக் காட்டும். ஆனால் பருவமழை மேகம் அதன் கண்ணைக் கட்டிவிடும். எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல மைக்ராஸ்கோப்தான் வேண்டும்.

எண்ணும் வேலை நடக்காமல் இல்லை. கரையோரக் கடலைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் திட்டம் 1990-களிலேயே பிளாங்டனையும் கணக்கில் சேர்த்தது. ஆனால் விஞ்ஞானி எண்ணுவது அறிக்கையில் நிற்கிறது. ஆலைக்கும் மாநகராட்சிக்கும் நோட்டீஸ் அனுப்ப அதிகாரிக்குத் தேவை, விதியில் ஒரு வரி. 1998 பட்டியலில் எழுதாமல் விட்டது அந்த வரியைத்தான்.