அமைச்சர் மாறினால் சப்பாத்தும் மாறும்!



நாடாளுமன்ற மக்களாட்சியை நாம் பிரிட்டனிடமிருந்து பெற்றோம் என்பது யாவரும் அறிந்ததே. பிரதமர்களை அடிக்கடி மாற்றும் கலையை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை! 2022-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே மூவர் பிரதமர் நாற்காலியில் அமர்ந்தனர். அவர்களுள் லிஸ் டிரஸ் அம்மையாரின் பதவிக்காலம் 49 நாள்கள்.

நாம் என்ன சளைத்தவர்களா? 1957 முதல் 2018 மே மாதம் வரை அறுபது ஆண்டுகளில் நமக்கு ஆறே பிரதமர்கள். அதன்பின் 2022 நவம்பருக்குள் மகாதீர் (இரண்டாம் முறை), முகிதீன் யாசின், இஸ்மாயில் சப்ரி, அன்வார் இப்ராகிம் என நால்வர் பதவியேற்றனர். பிரதமர்களின் பெயர்களை மனனம் செய்யச் சொல்லிவிட்டு, மாணவர் ஒப்புவிப்பதற்குள் பட்டியல் நீண்டுவிடுமோ என்று அஞ்சிய ஆசிரியர்களுள் நானும் உண்டு.

பிரதமர் மாறுவது புத்ராஜெயாவின் கவலை. கல்வி அமைச்சர் மாறினாலோ கவலை வகுப்பறைக்கே வந்துவிடுகிறது. 2018-இல் மஸ்லி மாலிக் அமைச்சரானார்; வெள்ளைச் சப்பாத்து கறுப்பாகும் என்றார். சப்பாத்து கழுவும் தாய்மார்கள் வாழ்த்தியிருப்பர். அதில் எனக்கும் வருத்தமில்லை. சப்பாத்தை மாற்றுவது எளிது. பயிற்றுமொழியையும் தேர்வையும் அவ்வாறு மாற்றலாமா?

அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க 2002-இல் முடிவெடுத்தார்கள். 2003 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டார்கள். ‘ஒளிச்சேர்க்கை’ என்ற அழகிய சொல்லை நாம் அலமாரியில் வைத்துப் பூட்டினோம். 2009-இல் அத்திட்டம் கைவிடப்படும் என்று அறிவித்தார்கள், பூட்டைத் திறந்தோம். பிறகு 2016-இல் இருமொழித் திட்டம் வந்தது, சாவியைத் தேடினோம்!

யு.பி.எஸ்.ஆர். தேர்வின் கதையும் இதுதான். நோய்த்தொற்றுக் காலமான 2020-இல் தேர்வு நடைபெறவில்லை. 2021 ஏப்ரலில் அதனை அடியோடு அகற்றினார்கள். அப்போது ஆறாம் ஆண்டில் இருந்த பிள்ளைகள், ஐந்து ஆண்டுகளாக அத்தேர்வை நோக்கியே நடத்தப்பட்டவர்கள். தேர்வு போனது தவறென்று நான் வாதிட வரவில்லை. அதன் சுமையைப் பிள்ளைகளின் முகத்தில் கண்டவர்கள் நாம். ஆனால், “ஐயா, மூன்றாம் அடைவுநிலை என்றால் பிள்ளை பாஸா, பெயிலா?” என்று பெற்றோர் கேட்கும்போது, ஒரு வரியில் விடையளிக்க நம்மால் இயலவில்லையே! இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழி வழி பயிலப்போகும் பிள்ளையின் பெற்றோருக்கு அக்கேள்வி விளையாட்டன்று. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ்ப்பள்ளியா, தேசியப் பள்ளியா என்று தயங்கி நிற்கும் பெற்றோரிடம் நாம் ஒரு தெளிவைத்தான் விற்க முடியும். ஒவ்வொரு திடீர் அறிவிப்பும் அந்தத் தெளிவைக் கலைக்கிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் தமிழ்ப்பள்ளிகளுக்கு இது சிறிய இழப்பா?

மாற்றமே கூடாதென்பதல்ல என் கருத்து. முறையாக மாற்றிய வரலாறும் நம் நாட்டிலேயே உண்டு. கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்தை 1982-இல் 302 பள்ளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். 1983-இல் எல்லாப் பள்ளிகளிலும் முதலாம் ஆண்டில் தொடங்கினார்கள். அப்பிள்ளைகள் ஆறாம் ஆண்டை எட்டிய 1988-இல்தான் யு.பி.எஸ்.ஆர். வந்தது. பிள்ளையோடு சேர்ந்து திட்டமும் வளர்ந்தது!

பிரதமர் 49 நாளில் போகலாம். அமைச்சர் இரண்டே ஆண்டில் போகலாம். முதலாம் ஆண்டில் சேரும் குழந்தைக்கு ஆறு ஆண்டுகள் வேண்டும். எந்தக் கல்விக் கொள்கையும் குறைந்தது அந்த ஆறு ஆண்டுகளையாவது தாங்க வேண்டாமா?

ஆகவே பெற்றோர்களே, அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் புதிய திட்டம் ஏதேனும் அறிவிக்கப்பட்டால், கைதட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதனை எந்தப் பள்ளிகளில் சோதித்தீர்கள்? எந்த ஆண்டு மாணவரிலிருந்து தொடங்குகிறீர்கள்? எங்களைப் போன்ற ஆசிரியர்கள் கேட்டால் ‘ஒத்துழைக்காதவர்’ என்பார்கள். நீங்கள் கேட்டால் கூட்டக் குறிப்பில் எழுதுவார்கள்!