‘அட்வான்ஸ்டு’ பக்கத்தைத் திறந்து விடுங்கள்!

நம்ம லேபில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம் ஒன்று உண்டு. “அட்வான்ஸ்டுல மட்டும் கை வெக்காதே!” ஐ.பி. முகவரி கொடுப்போம், ‘பிங்’ அடிப்போம், ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவோம், கிளம்பிவிடுவோம். ஆனால் வேலையே அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்கிறேன் நான்.

ஸ்பேனிங் ட்ரீயை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியா பெர்ல்மன் அம்மையார் 1985-இல் உருவாக்கியது. இரண்டு பிரிட்ஜ்களுக்கு நடுவே உபரியாக இன்னொரு கேபிள் போட்டால் வளையம் உண்டாகிவிடும். ஐ.பி. பாக்கெட்டுக்கு டி.டி.எல். என்று ஆயுள் கணக்கு உண்டு. ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது! ஒவ்வொரு பிராட்காஸ்ட்டும் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க்கே படுத்துவிடும். அதனால் ஸ்பேனிங் ட்ரீ ஒரு வழியை அடைத்து வைக்கிறது.

எதை அடைப்பது? ‘ரூட் பிரிட்ஜ்’ யாரோ, அதைப் பொறுத்தது. எல்லாப் பெட்டிக்கும் பிரையாரிட்டி வழக்கமாக 32768தான். எல்லாம் சமம் என்றால் சின்ன மேக் முகவரி உள்ளவர் தலைவர். ஒரே கம்பெனி சரக்கில் சின்ன நம்பர் பெரும்பாலும் கிழட்டுப் பெட்டிக்குத்தான் இருக்கும்! (வயசுக்கு மரியாதை நல்லதுதான், இங்கே வேண்டாமே.) நடுவில் உள்ள நல்ல பெட்டிக்கு 4096 என்று மாற்றினால் தீர்ந்தது. அந்த எண் இருப்பதோ தொடக் கூடாத பக்கத்தில்!

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் நாலு நாள் தடுமாறியது. ஏழு பிரிட்ஜ் தூரத்துக்குள் இருக்கணும் என்பது ஸ்பேனிங் ட்ரீக்குச் சொல்லப்பட்ட கணக்கு. அதைத் தாண்டி அது கண்டபடி வளர்ந்திருந்தது. டாக்டர்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்பினார்கள். சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள்.

“கெட்டுப்போனா யார் பதில் சொல்றது?” என்று சார் கேட்பது நியாயம். காலேஜ் நெட்வொர்க்கை யார் கேட்டது? மூலையில் கிடக்கிற மூன்று பழைய பி.சி. போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு நெட்வொர்க் கார்டு, லினக்ஸ். லினக்ஸ் பிரிட்ஜில் எஸ்.டி.பி. தானாக ஓடாது, நாம்தான் ஆன் பண்ணணும். முதலில் ஆன் பண்ணாமலே முக்கோணமாக இணைத்து, விளக்குகள் வெறிபிடித்து மின்னுவதைப் பார்க்கணும். பிறகு ஆன் பண்ணி, எந்தக் கேபிளைப் பிடுங்கினால் மாற்றுவழி திறக்க 30 வினாடி, எதற்கு 50 என்று கடிகாரத்தில் எண்ணணும்.

சங்கத்தின் சார்பில் எச்.ஓ.டி.யிடம் அந்த மூன்று பி.சி.யைக் கேட்போமா? கேபிள் கிரிம்ப் பண்ண நான் ரெடி.